குண்டூசி நேரம்

தையற்காரியின் பல்லைப் பிடுங்க ஐந்து நிமிடம் போதும் என்று சொன்ன பல் டாக்டருக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. பல்லைக் குறை சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருடம் நூல் கடித்துக் கடித்து வைரம் பாய்ந்த கடைவாய்ப் பல். போ என்றதும் எழுந்து போய்விடுமா? மேல் பாதி ஒரு தடவை, வேர் ஒரு தடவை என்று தவணை முறையில்தான் வெளியே வந்தது. டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, போரில் பிடிபட்டவனைக் காட்டுவதுபோல் அதைத் தட்டில் வைத்துக் காட்டினார்.

"நூலைப் பல்லால கடிப்பீங்களா?"

வாய் நிறையப் பஞ்சு. தலையை ஆட்டினாள்.

"குண்டூசியும் வாயிலதான் வைப்பீங்க?"

அதற்கும் ஆட்டினாள்.

"நூலை வெட்டறதுக்குக் கத்திரின்னு ஒண்ணு இருக்கும்மா. தெரியுமா?"

பதினோரு கத்திரி வைத்திருப்பவளிடம் இப்படிக் கேட்க ஒன்று தைரியம் வேண்டும், அல்லது அவள் வாயில் பஞ்சு வேண்டும். டாக்டருக்கு இரண்டாவது வாய்த்தது.

"ரெண்டு தையல் போட்டிருக்கேன். நாளைக்கு இந்நேரம் வரைக்கும் பேசக் கூடாது, துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. தையல் பிரிஞ்சா மறுபடி ஊசி எடுக்கணும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

தையல் பிரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என்ன தையல் போட்டிருக்கிறார், முடிச்சு ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால், தன் வாய்க்குள் தானே எட்டிப் பார்க்க முடிகிறதா? அடுத்தவர் கைத்தையலை நம்பித் தெருவில் நடப்பது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. தன்னிடம் துணி கொடுக்கிறவர்களெல்லாம் எவ்வளவு பெரிய மனசுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டே கன்னத்தைப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், கண்ணுகளா. சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்காது.

அந்த வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. துணிக்கு ஓரம் மடிக்கும்போது அவள் வாயில் ஏழெட்டுக் குண்டூசி இருக்கும். வாய் ஊசியில், கை துணியில், கண் கோட்டில். அந்த நேரத்தில் யார் வந்து எதைக் கேட்டாலும் அவளால் மறுக்க முடியாது. மறுக்க வேண்டுமானால் துணியை விட்டுவிட்டு ஊசியை எடுக்க வேண்டும். துணியை விட்டால் மடிப்பு கலையும். கலைந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஊசி வெளியே வருவதற்குள் மறுப்பு வராவிட்டால், கேட்டது கேட்டவருக்குக் கிடைத்துவிட்டது. இதுதான் சட்டம்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கு மட்டம் போட அனுமதி வாங்கினாள். பிள்ளை செய்வதைப் பார்த்து அப்பாவும் கற்றுக்கொண்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். குணமும் லிஃப்ட்தான்: யார் பொத்தானை அழுத்தினாலும் அவர்களோடு ஏறுவார், இறங்குவார். எதற்கும் 'பரவாயில்லை' என்பதால் அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே 'பரவாயில்லை' என்று ஆகிவிட்டது. சாய்ந்தால் காலை நீட்டிக்கொள்ளும் நாற்காலி ஒன்றும், சுவரில் பாதியை அடைக்கும் டிவியும், இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜும் குண்டூசி நேரத்தில் அவர் அடைந்த செல்வங்கள். "அம்மா ஊசியில இருக்காங்களா, வெளியில இருக்காங்களா?" என்று அந்த வீட்டில் அடிக்குரலில் கேட்டுக்கொள்வார்கள், ஆபீசில் மேலதிகாரியின் மனநிலையை விசாரிப்பதுபோல.

அவளுக்கு இது தெரியாதா? தெரியும். கேட்டது நியாயமாக இருந்தால் ஊசி இல்லாத நேரத்திலும் கேட்டிருப்பார்கள் என்பதும் தெரியும். போகட்டும், மடிப்பு நேராக வந்தால் சரி என்று இருந்துவிட்டாள். ஒரு முழ மடிப்பைக் காப்பாற்ற எத்தனை முழம் விட்டுக்கொடுத்தாள் என்று எந்த டேப்பை வைத்து அளப்பது?

இன்னொரு சட்டமும் அங்கே உண்டு. அது அவள் போட்டது. சாக்பீஸால் அவள் ஒரு கோடு போட்டுவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. கோட்டுக்கு அப்புறம் கத்திரிதான். இந்தச் சட்டத்தை எல்லோரும் மறந்திருந்தார்கள். துணிக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகத் தன் தையல் அறைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்தாள். வாசலை ஒட்டிய அறை. பத்தடிக்கு ஒன்பதடி. பெரிய ஜன்னல், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினாலும் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம். முதல் பதினோரு வருடம் அவள் சமையலறை மூலையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தைத்தாள். வெள்ளைச் சட்டையில் எண்ணெய் தெறித்து, அதைத் துவைத்து, மறுபடி தெறித்து, அழுது, மறுபடி துவைத்த காலம் அது. உடைந்த சாமான்கள் போட்டிருந்த இந்த அறையைத் தானே கூட்டிப் பெருக்கி, தானே சுண்ணாம்பு அடித்து எடுத்துக்கொண்டாள். உலகத்தில் அவளுடையது என்று சொல்ல இருந்தது அந்தத் தொண்ணூறு சதுர அடிதான்.

கன்னம் வீங்கி, பஞ்சைக் கடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்த செய்தி வீட்டில் பரவியது. குண்டூசி நேரம் என்றால் அதிகம் போனால் பத்து நிமிடம். இது ஒரு முழு நாள்! இப்படி ஒரு யோகம் அந்தக் குடும்பத்துக்கு அதுவரை அடித்ததில்லை.

முதலில் மகள் வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்றல்ல, அம்மாவுக்குப் பேச வருமா என்று.

"ரொம்ப வலிக்குதாம்மா? ஐயோ, பேசாத, பேசாத. நான் சொல்றத மட்டும் கேளு. வர்ற வெள்ளிக்கிழமை நாங்க எட்டுப் பேர் மூணு நாள் மலைக்குப் போறோம். பசங்களும் வர்றாங்க. ஆனா அவங்கெல்லாம் நல்ல பசங்க. நீ ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு எடுத்துக்கறேன்."

இரண்டு விநாடி காத்திருந்தாள். நேர்மையான பிள்ளை, தேவைப்பட்டால் மூன்று விநாடிகூடக் காத்திருக்கும்.

"தேங்க்ஸ்ம்மா! உன்ன மாதிரி அம்மா யாருக்கும் கிடைக்காது."

அவள் போன வேகத்தில் கதவு மூடுவதற்குள் ஐஸ்கிரீமோடு மைத்துனன் வந்தான். கணவரின் தம்பி. பெயர் 'திட்டம்'. பெற்றவர்கள் வைத்தது வேறு. ஆனால் காளான் வளர்ப்புத் திட்டம், தலையணை வாடகைத் திட்டம், பூனைகளுக்குப் புகைப்படம் எடுக்கும் திட்டம் என்று அவன் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. இப்போது வண்ண மீன். கண்ணாடித் தொட்டிகளை வைக்க அவன் வீட்டில் இடம் உண்டு. அவன் மனைவிதான், "தொட்டி உள்ள வந்தா நீ வெளிய" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவள் வாயில் வைப்பது விசில். அந்த வீட்டில் திட்டத்துக்கு எப்படி வழி கிடைக்கும்?

"அண்ணி, பல் போச்சுன்னு கேட்டதும் எனக்குச் சாப்பாடே இறங்கல. இந்தாங்க, ஐஸ்கிரீம். குளிர்ச்சியா இருக்கும்." கப்பை மேசையில் வைத்தவன், அதே கையால் சுவரை முழம் போட ஆரம்பித்தான். "அண்ணா, இங்க வா. இந்தச் சுவர்ல எட்டு, அந்தச் சுவர்ல எட்டு. பதினாறு தொட்டி. ஜன்னல் வெளிச்சத்துல மீனெல்லாம் என்னமா மின்னும் தெரியுமா?"

அண்ணன் கதவோரமாக வந்து நின்றார். மனைவியின் கண்ணைப் பார்க்கவில்லை; சுவரைப் பார்த்தார்.

"எல்லாம் உங்க நன்மைக்குத்தான் அண்ணி. இந்த வயசுல எதுக்கு இந்தத் தொழில்? பல்லே போயிடுச்சு, பாருங்க. அப்படியும் தைச்சே ஆகணும்னா சமையலறை மூலை இருக்கு. உங்களுக்குப் பழகின இடம்தானே! நாலு மணிக்கு வண்டி வருது. என்ன அண்ணா?"

"அவதான் ஒண்ணும் சொல்லலையே," என்றார் அண்ணன். "பரவாயில்லை."

அவளுக்குக் கன்னத்தில் இருந்த வலி ஒரு நொடியில் நெஞ்சுக்கு இடம் மாறியது. எட்டி ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். பெரிய எழுத்தில் 'வேண்டாம்' என்று எழுதி நீட்டினாள்.

திட்டம் வாங்கிப் படித்தான். முகத்தில் அப்படி ஒரு பரிவு.

"ஐஸ்கிரீம் வேண்டாமாம் அண்ணா. பாவம், வலி." கப்பைத் திறந்தான்.

அவள் புத்தகத்தைப் பிடுங்கி அந்தச் சொல்லுக்குக் கீழே தாள் கிழிகிற மாதிரி இரண்டு கோடு போட்டாள்.

"கண்டிப்பா வேண்டாமாம்," என்று சொல்லி முதல் கரண்டியை வாயில் போட்டான். "அண்ணா, உனக்கு?"

தூங்குகிறவனை எழுப்பலாம்; தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியுமா? அவள் வாயைத் திறக்கப் போனாள். உப்புக் கரித்தது. தையலுக்குக் கீழே ஏதோ சுருக்கென்று இழுத்தது. திரும்ப மூடிக்கொண்டாள். அவள் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தையலைக்கூட வேண்டுமென்று பிரித்து அடுத்தவர் உழைப்பைக் கெடுத்ததில்லை. டாக்டர் எவ்வளவு மோசமாகப் பேசியிருந்தாலும்.

அண்ணனும் தம்பியும் தொட்டிகளை ஏற்றிவரக் கிளம்பினார்கள். போகும்போது கணவர் மட்டும் ஒரு தடவை திரும்பி வந்து தலையை நீட்டினார். "நல்லா ரெஸ்ட் எடு. எதையும் மனசுல வச்சுக்காத," என்றார். மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? அறைதான் போயிற்றே.

மணி இரண்டு. வீடு அமைதியானது. மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மலைக்கு எடுத்துப்போகும் துணியைத் தன் அறைக் கட்டிலில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

தையற்காரி தன் அறையைச் சுற்றிப் பார்த்தாள். வெட்டும் மேசை காலியாக இருந்தது. பல் பிடுங்கும் நாள் என்று அன்றைக்கு வேலை எடுக்கவில்லை. மடியில் இரண்டு கையும் சும்மா கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

குண்டூசி நேரத்தில் வாயும் கட்டு, கையும் கட்டு. இன்றைக்கு வாய் மட்டும்தான் கட்டு. இத்தனை வருடமாகத் தன்னை ஊமையாக்கியது ஊசி இல்லை, கையில் இருந்த வேலை என்று அப்போது அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. அவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிக்கவே இல்லை, பாருங்கள். வாய் மூடியிருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தட்டையான நீலச் சாக்பீஸை எடுத்தாள். பெரிய கத்திரியையும்தான், ஒரு துணைக்கு.

முதலில் சமையலறை மூலை. மைத்துனன் அன்போடு ஒதுக்கிக் கொடுத்த இடமாயிற்றே! அளந்தாள். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வந்த பிறகு அங்கே மிச்சமிருந்தது ஒன்றே முக்கால் அடி. அதில் நூல் சுற்றும் பாபின்களின் பெட்டி ஒன்று வைக்கலாம். அப்படியே கோடு போட்டு 'பாபின்' என்று எழுதினாள். ஒதுக்கிய இடத்தை வீணாக்கக் கூடாது.

மிச்சத்துக்கு வீடு இருக்கிறதே. சாப்பாட்டு மேசைக்கு வந்து நீள அகலம் எடுத்தாள். இரண்டு தையல் மெஷினும் கச்சிதமாக உட்காரும். அதன்மேல் இரண்டு கட்டம் வரைந்து, 'காலை எட்டு முதல் இரவு எட்டு வரை' என்று எழுதினாள். கட்டிலுக்குப் போனாள். கணவர் படுக்கும் பக்கத்துக்கு அளவெடுத்து 'தைத்த துணி' என்றும், அவர் கால் நீட்டும் பக்கத்தில் 'தைக்க வேண்டிய துணி' என்றும் விரிப்பிலேயே எழுதினாள். அளவு சரியாக வருகிறதா என்று பார்க்க, எடையில்லாத அளவுப் பொம்மை ஒன்றை எடுத்துவந்து அவர் தலையணையில் படுக்க வைத்தாள். தலை இல்லாத பொம்மை. அவருக்குப் பதில் படுக்கப் பொருத்தமாகத்தான் இருந்தது.

குளியலறைக் கதவில், 'துணி மாற்றும் அறை. காலை எட்டு முதல் பதினொன்று வரை வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.'

மகளின் அறைக்குள் நுழைந்து, கண்ணாடி வைத்த அலமாரியில் 'அளவு பார்க்கும் இடம்' என்று எழுதியபோதுதான் பிள்ளை காதில் இருந்ததைக் கழற்றினாள்.

"அம்மா! என்னம்மா எழுதற? இது என் ரூம்!"

அம்மா தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். படிக்கும் மேசைக்கு வந்து, இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தை அழகாக வரைந்தாள். நீராவி வரும் பக்கம் புத்தகங்களைப் பார்த்து இருந்தது.

"தெரியாதவங்கெல்லாம் என் ரூமுக்குள்ள வந்து நின்னு கண்ணாடி பார்ப்பாங்களா? எனக்குப் பரீட்சை வருதும்மா!"

பரீட்சையை அந்தப் பிள்ளை நினைவுபடுத்திச் சொன்னது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

கடைசியாக, கணவரின் நாற்காலி. வெட்டும் மேசைக்கு வேறு இடமே இல்லை. டிவிக்கு முன்னால்தான் போட வேண்டும். அங்கே ஆறடி மேசைக்குக் கோடு போட்டாள். நாற்காலி நாலு இஞ்ச் குறுக்கே வந்தது. யோசித்தாள். நாற்காலியின் கைப்பிடி மேலேயே நீளமாக ஒரு கோடு இழுத்தாள். பழக்கதோஷம், பக்கத்திலேயே தையலுக்கு விடும் அரை இஞ்சுக்கு இன்னொரு கோடும் போட்டாள். பிறகு பெரிய கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே சாய்ந்தாள். காலை நீட்டியது. இவ்வளவு சுகமான சாமானா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலு மணிக்கு வண்டி வந்தது. அண்ணனும் தம்பியும் முதல் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வீடு முழுக்க நீலக் கோடு. வெட்டுவதற்குத் தயாராக விரித்துப் போட்ட துணி மாதிரி கிடந்தது வீடு.

"இது என்ன?" என்றார் கணவர்.

"அண்ணி விளையாடறாங்க அண்ணா. மருந்து மயக்கம். நீ பிடி, உள்ள போலாம்."

"இல்லடா." கணவர் சாப்பாட்டு மேசையைப் படித்தார். குளியலறைக் கதவைப் படித்தார். "கோடு போட்டுட்டான்னா அவ விளையாட மாட்டா. பதினோரு மணி வரைக்கும் பாத்ரூம்ல கஸ்டமரா? நான் எட்டரைக்கு வேலைக்குப் போகணும்!"

"அப்பா, என் ரூமைப் பாருப்பா!" என்று மகள் உள்ளிருந்து கத்தினாள். "கட்டில்ல உன் இடத்துல யாரோ படுத்திருக்காங்க, அதையும் பாரு!"

கணவர் தொட்டியின் தன் பக்கத்தைத் தரையில் இறக்கிவிட்டுப் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதுவரைக்கும்கூட அவர் 'பரவாயில்லை' என்று சொல்லியிருப்பார், கண்ணுகளா, நல்ல மனுஷன். அப்போதுதான் நாற்காலியின் கைப்பிடியில் இருந்த கோடு கண்ணில் பட்டது. பக்கத்தில் அரை இஞ்ச் விட்டு இருந்த இரண்டாவது கோடும் பட்டது. மனைவி கத்திரியைத் திறந்தாள், மூடினாள். சத்தம் சின்னதுதான். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்.

"தம்பி," என்றார் கணவர், "தொட்டியைக் கீழ எடுத்துட்டுப் போ."

"அண்ணா! நீதானே பரவாயில்லைன்ன?"

"உனக்குப் பரவாயில்லைடா. உன் நாற்காலி உன் வீட்டுல பத்திரமா இருக்கு."

"அப்ப இதெல்லாம் நான் எங்க வைப்பேன்?"

"சித்தி இருக்காங்களே, கேளுங்க சித்தப்பா," என்றாள் மகள், கதவில் சாய்ந்துகொண்டு. "அவங்க விசிலை வெளிய எடுத்திருக்கிற நேரமா பார்த்துக் கேளுங்க."

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "சார், இறக்கறதா, திருப்பி ஏத்தறதா? எனக்கு வேற வேலை இருக்கு!"

திட்டம் அண்ணியைப் பார்த்தான். "பதினாறு வேண்டாம் அண்ணி. எட்டு? சரி, நாலு. நாலே நாலு தொட்டி."

அவள் எழுந்தாள். தன் அறைக்குப் போனாள். ஜன்னல் விளிம்பில், ஊசிப்பெட்டிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டாள். அதற்குமேல் ஒரு நூல் இடமும் இல்லை என்பதுபோல் சாக்பீஸைப் பெட்டியில் போட்டு மூடினாள். வாயில் அத்தனை பல்லும் இருந்த மூன்று பேர் அங்கே நின்றார்கள். ஒருவருக்கும் பேச்சு வரவில்லை.

மறுநாள் டாக்டர் சொன்ன நேரம் தாண்டியது. தையல் இரண்டும் பிரியவில்லை. மனுஷனுக்கு வாய்தான் நீளமே தவிர கைவேலை மோசமில்லை என்று ஒப்புக்கொண்டு, அவள் வேலைக்கு உட்கார்ந்தாள். ஒரு நீளப் பாவாடை, சுற்றளவு அதிகம், ஓரம் மடிப்பதற்குள் கண் பூத்துப்போகும். பழக்கம் விடுமா? வீங்காத பக்கமாக எட்டுக் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரத்து வட்டத்துக்குள் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரே ஒரு மீன் சுற்றிச் சுற்றி வந்தது. திட்டத்தின் மீன் தொழில் அந்த வீட்டில் அவ்வளவுதான்.

பாதி மடித்திருப்பாள். கதவருகே அடிக்குரல் கேட்டது.

"அப்பா, அம்மா ஊசியில இருக்காங்களா?"

"இருக்கா," என்றது ஹாலில் இருந்து காலை நீட்டிய குரல். "ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயாச்சு, உங்க அம்மாவாச்சு."

மகள் உள்ளே வந்தாள். மீனைப் பார்த்தாள். நூலைத் தொட்டாள். "அம்மா, அந்த வெள்ளிக்கிழமை... நேத்தே சொன்னேன், நீயும் ஒண்ணும் சொல்லல, அதனால பணம் கட்டிடலாம்னு..."

தையற்காரி கையிலிருந்த துணியை விட்டாள். அரை மணி நேரமாகப் பிடித்த மடிப்பு வழுக்கிக்கொண்டு இறங்கி மடியில் விழுந்தது. வாயிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். அடுத்ததை எடுத்தாள். மகள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நின்றாள். எட்டாவதும் வெளியே வந்தது.

"இப்ப சொல்லுடா கண்ணு," என்றாள் அம்மா. வீங்கிய வாயில் சொல் கொஞ்சம் வழுக்கியது. "மலைன்னியே. யார் யார் வர்றாங்க? எங்க தங்கறீங்க? கூட வர்ற பெரியவங்க யாரு?"

மகள் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "அது வந்தும்மா..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கலைந்த மடிப்பைத் திரும்பப் பிடிக்க இன்னும் அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். அந்த ஜன்னலில் வெளிச்சம் இன்னும் நிறைய இருந்தது.